சம்பளச் சீட்டு கேட்கும் கல்யாணம்: பிரிட்டனின் ஸ்பவுஸ் விசா விதிகள் வந்த வழி

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். லெஸ்டரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் குடிமகள். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட். வாரத்துக்கு 40 மணி நேரம், லீவு சம்பளத்தோடு சேர்த்து 52 வாரம் என்று பெருக்கினால் வருடத்துக்கு 25,397 பவுண்ட் வருகிறது. இவர் மதுரைக்குப் போய்க் கல்யாணம் முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கணவரை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வருடத்துக்கு 29,000 பவுண்ட் வருமானம் காட்டச் சொல்கிறது விதி. துண்டு விழுவது 3,603 பவுண்ட். அதை அதே கூலியில் சம்பாதித்து ஈடுகட்ட, வாரத்துக்குக் கிட்டத்தட்ட 46 மணி நேரம் நின்றபடி வேலை செய்ய வேண்டும்.

சரி, மதுரையில் இருக்கும் கணவர் மென்பொருள் நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறார் என்றால்? அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. பிரிட்டன் வந்தபின் அவர் எவ்வளவு சம்பாதிப்பார் என்பதும் சாதாரணமாகச் சேராது. மாதாமாதம் நாங்கள் பணம் தருகிறோம் என்று மாமனார் எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் எடுபடாது. கையில் சேமிப்பு இருந்தால் காட்டலாம். ஆனால் அதற்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. முதல் 16,000 பவுண்டை ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் இருப்பதை இரண்டரையால் வகுத்துத்தான் வருமானமாக எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பெண்ணுக்கு வருடத்தில் 3,603 பவுண்ட் குறைவதற்கு ஈடாக, 25,000 பவுண்டுக்கு மேல் ஒரு தொகை ஆறு மாதம் அசையாமல் வங்கியில் கிடக்க வேண்டும். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட்.

விசாவுக்கு விண்ணப்பிப்பவர் கணவர். ஆனால் படிவத்தில் பல கேள்விகள் மனைவியைப் பற்றியவை: அவர் எங்கே வேலை செய்கிறார், எத்தனை மாதமாக, எந்த வீட்டில் இருக்கிறார், அந்த வீட்டில் எத்தனை அறை. வெளிநாட்டுத் துணைக்கான விதி என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது, உண்மையில் உள்ளே இருக்கும் குடிமக்களைத்தான் சலித்துப் பிரிக்கிறது. யாருடைய கல்யாணம் இந்த மண்ணில் குடித்தனமாகலாம், யாருடையது ஆகக்கூடாது என்ற கேள்வி 150 வருடத்துக்கு மேலாக அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. அளவுகோல்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் ஆணா பெண்ணா என்று பார்த்தார்கள். அப்புறம் எங்கே பிறந்தவர் என்று பார்த்தார்கள். பிறகு மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டினார்கள். இப்போது பேஸ்லிப்பைப் பார்க்கிறார்கள்.

தாலியோடு போன குடியுரிமை

1870-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டவரை மணந்த பிரிட்டிஷ் பெண் அந்தக் கணமே பிரிட்டிஷ் குடியுரிமையை இழந்தாள். மறுபக்கம், பிரிட்டிஷ் ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண் தானாகவே பிரிட்டிஷ் பிரஜை ஆனாள். விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது, மொழித் தேர்வு கிடையாது. மனைவி கணவனுடைய நாட்டுக்காரி, அவ்வளவுதான்.

இது எவ்வளவு கொடுமையானது என்பது 1914-இல் முதல் உலகப்போர் வந்தபோது தெரிந்தது. இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத பெண், ஜெர்மானியரைக் கல்யாணம் செய்திருந்த ஒரே காரணத்தால் எதிரி நாட்டவர் ஆகிவிட்டாள். போலீஸில் போய்த் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1949 ஜனவரி 1 முதல்தான் கல்யாணத்தால் ஒரு பெண் தன் பிரிட்டிஷ் குடியுரிமையை இழப்பது நின்றது. அதே நாளில் வெளிநாட்டு மனைவிக்குத் தானாகக் கிடைத்ததும் நின்று, பதிவு செய்து பெறும் உரிமையாக மாறியது. 1983-இல் அந்த உரிமையும் போனது. அன்று முதல் மனைவியானாலும் கணவனானாலும் மற்றவர்களைப் போல விண்ணப்பித்து, காத்திருந்து, அரசு சம்மதித்தால்தான்.

மருமகன் வரக்கூடாது

1962-இல் காமன்வெல்த் நாட்டவர்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோதும் மனைவி பிள்ளைகள் வருவதை யாரும் தடுக்கவில்லை. ஆண் முன்னால் வந்து வேலை தேடுவான், குடும்பம் பின்னால் வரும் என்பதுதான் அன்றைய மனக்கணக்கு. பெண் முன்னால் வந்து கணவனை அழைப்பது அந்தக் கணக்கில் பொருந்தவில்லை. 1969 ஜனவரியில் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கலகன், காமன்வெல்த் கணவர்கள் மனைவியோடு சேர வருவதை விசேஷக் காரணம் இருந்தால் ஒழிய நிறுத்தினார். பெற்றோர் பேசி முடிக்கும் கல்யாணத்தை வேலைக்கு வரும் வழியாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். 1974-இல் ராய் ஜென்கின்ஸ் அந்தத் தடையை எடுத்தார். மூன்றே வருடத்தில் புதிய நிபந்தனைகள் மீண்டும் முளைத்தன.

பெண்கள் பக்கம் மட்டும் எல்லாம் எளிதாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. 1979 ஜனவரியில் இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கினார். லண்டனில் இருந்த தன் வருங்காலக் கணவரை மணக்க வந்தவர். கல்யாணம் செய்துகொள்ள வருபவருக்கு அப்போது முன்கூட்டி விசா தேவையில்லை. ஏற்கெனவே மனைவியானவருக்குத்தான் ஊரிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிவர வேண்டும். இவர் ஏற்கெனவே கல்யாணமானவராக இருப்பார் என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள ஒரு மருத்துவரை வைத்து அவருக்குக் கன்னித்தன்மைச் சோதனை செய்தார்கள். விஷயம் பத்திரிகையில் வந்ததும் நாடே அதிர்ந்தது, அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இதே போன்ற சோதனைகள் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் நடந்திருந்தது பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அரசு ஆவணங்களில் தெரியவந்தது. ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு பெண்ணின் உடம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். இந்த வரலாற்றை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தைச் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த மார்கரெட் தாட்சர் அரசு, 1980-இல் விதியை இன்னும் இறுக்கியது. மனைவி பிரிட்டிஷ் குடிமகளாக இருந்தால் போதாது. அவரோ அவரைப் பெற்றவர்களில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் கணவர் வரலாம் என்றார்கள். ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் கல்யாணம் செல்லும், இன்னொருத்தியின் கல்யாணம் செல்லாது.

இதை எதிர்த்துப் பிரிட்டனில் குடியிருந்த மூன்று பெண்கள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அப்துல்அசீஸ், கபாலெஸ், பல்கண்டலி என்று அவர்களுடைய பெயரிலேயே அந்த வழக்கு அறியப்படுகிறது. 1985 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஆணுக்கு மனைவியை அழைக்க ஒரு விதி, பெண்ணுக்குக் கணவனை அழைக்க வேறு விதி என்பது பால் பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. வரும் ஆண்களால் உள்ளூர் ஆட்களின் வேலைவாய்ப்பு பாதிக்கும் என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

பெண்கள் ஜெயித்தார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கல்யாணம் ஆன தம்பதி எந்த நாட்டில் குடியிருக்க விரும்புகிறார்களோ அதை ஏற்றே தீர வேண்டும் என்ற கடமை ஒரு அரசுக்கு இல்லை என்றும் அதே நீதிமன்றம் சொல்லிவைத்தது. நாற்பது வருடமாக ஹோம் ஆபீஸ் என்ற பிரிட்டிஷ் உள்துறை எடுக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் அடியில் இந்த ஒரு வரி இருக்கிறது. ‘நீங்கள் சேர்ந்து வாழலாம், வேறு நாட்டில் வாழுங்கள்’ என்று சொல்ல முடிவது இதனால்தான். இரண்டாவது, சமத்துவம் வந்த விதம். கணவர்களுக்கு இருந்த தடையை எடுத்து மனைவிகளுக்கு இருந்த எளிய வழியை அவர்களுக்கும் திறந்திருக்கலாம். அரசு அதைச் செய்யவில்லை. கணவர்களைச் சோதித்த அதே சோதனைகளை அந்த ஆண்டிலேயே மனைவிகளுக்கும் வைத்தது. சமமாக்கினார்கள், கீழே இறக்கிச் சமமாக்கினார்கள்.

‘எதற்காகக் கட்டினாய்?’

அந்தச் சோதனைகளில் மிக மோசமானது முதன்மை நோக்க விதி. இந்தக் கல்யாணத்தின் முதன்மையான நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது இல்லை என்பதை விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். இல்லாததை நிரூபிப்பது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பேசி முடிக்கும் கல்யாணத்தில் இது ஒரு பொறி. ‘கல்யாணத்துக்கு முன் இவரை எத்தனை முறை சந்தித்தாய்?’ ஒரு முறை. ‘பிரிட்டனில் ஏன் குடியிருக்க வேண்டும்? அந்தப் பெண் உன் ஊருக்கு வரலாமே?’ அங்கே அவளுக்கு வேலை இருக்கிறது, எனக்கும் நல்ல வேலை கிடைக்கும். இப்படி உண்மையைச் சொன்னால், நல்ல வாழ்க்கை தேடித்தான் வருகிறாய் என்று எழுதி நிராகரித்தார்கள். எந்த ஊரில் மாப்பிள்ளை பார்த்தாலும் வேலை, வீடு, எதிர்காலம் எல்லாம் சேர்த்துத்தானே பேசுவார்கள்! அதைப் பேசியதே குற்றத்துக்குச் சாட்சியாக மாறியது.

இதில் இன்னொரு வேதனை. தெற்காசியாவில் கல்யாணமானால் பெண்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள் என்பதை அதிகாரிகள் எங்கோ படித்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். அதனால் மாப்பிள்ளை பெண் இருக்கும் இடத்துக்கு வருகிறான் என்றாலே சந்தேகம். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஒரு வழக்கம் நம்மிடம் காலம்காலமாக இருப்பதும், தேவைக்கேற்பக் குடும்பங்கள் இரண்டு பக்கமும் வளைந்துகொடுப்பதும் அந்தக் கோப்புகளில் ஏறவில்லை. ஒரு சமூகத்தின் வழக்கத்தை அதன் மனிதர்களைவிடத் தனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்த விதி அது. பிற்பாடு நீதிமன்றங்கள் கொஞ்சம் இடம் கொடுத்தன. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள், மனைவி பயணம் செய்து போய்ப் பார்த்தது, குழந்தை பிறந்தது போன்றவற்றையும் சாட்சியாகப் பார்க்கச் சொன்னன. இருந்தாலும் பல தம்பதிகள் மேல்முறையீட்டிலேயே வருடங்களைத் தொலைத்தார்கள். 1997-இல் டோனி பிளேரின் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்த கையோடு, ஜூன் மாதம் அந்த விதியை நீக்கியது.

சந்தேகம் மட்டும் போகவில்லை, உருவம் மாறியது. 2005-இல் ஒரு திட்டம் வந்தது. குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர் பிரிட்டனுக்குள் கல்யாணம் செய்யவே உள்துறையிடம் கட்டணம் கட்டி அனுமதி பெற வேண்டும், இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயத்தில் மணந்தால் மட்டும் தேவையில்லை. நீதிமன்றங்கள் அதை ஒவ்வொரு படியிலும் கண்டித்து, கடைசியில் 2011-இல் ஒழிந்தது. இப்போது இருப்பது அறிவிப்புக் காலம். பதிவாளரிடம் கொடுத்த நோட்டீஸுக்குச் சாதாரணமாக 28 நாள் காத்திருக்க வேண்டும். கல்யாணம் போலியோ என்று ஹோம் ஆபீஸ் நினைத்தால் அதை 70 நாளாக நீட்டிக்கலாம்.

போலிக் கல்யாணம் என்பது கற்பனை இல்லை, பணத்துக்காக நடப்பது உண்டு. கட்டாயக் கல்யாணமும் உண்டு. அதனால் பாழாகும் பெண்பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் 2008 நவம்பரில் என்ன செய்தார்கள் என்றால், கட்டாயக் கல்யாணத்தைத் தடுக்கிறோம் என்று துணையை அழைக்கும் வயதை 18-இலிருந்து எல்லோருக்கும் 21 ஆக்கினார்கள். சிலி நாட்டு இளைஞர் ஒருவரும் பிரிட்டிஷ் பெண் ஒருவரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். கட்டாயம் என்று யாருமே சந்தேகப்படவில்லை. அவர்களும் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. 2011-இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது, வயது மறுபடி 18 ஆனது. நோய் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மருந்தை ஊற்றினால் இப்படித்தான் ஆகும்.

பணம் பேச ஆரம்பித்த வருடம்

2012 ஜூலைதான் இன்றைய விதிகளின் பிறந்தநாள். அதுவரை, அரசு உதவி இல்லாமல் குடும்பத்தை ஓட்ட முடியுமா என்று பொதுவாகப் பார்த்தார்கள். தெரேசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது அதற்குப் பதில் ஒரு எண் வந்தது: வருடத்துக்கு 18,600 பவுண்ட். வருமானத்தைச் சார்ந்த அரசு உதவித்தொகை எதுவும் ஒரு தம்பதிக்குக் கிடைக்காத அளவு எது என்று குடிவரவு ஆலோசனைக் குழு கணக்கிட்டுச் சொன்ன தொகை அது. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத முதல் குழந்தைக்கு மேலும் 3,800, அடுத்தடுத்த குழந்தைக்கு 2,400. நிரந்தர வதிவிடத்துக்கான, அதாவது காலவரம்பில்லாமல் தங்கும் உரிமைக்கான காத்திருப்பும் இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடமானது. மொழித் தேர்வு அதற்கு முன்பே, 2010 நவம்பரில் வந்துவிட்டது.

எண் வந்ததில் ஒரு நன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. அதிகாரியின் மனநிலையைப் பொறுத்து முடிவு மாறாது. காட்ட வேண்டிய தொகை என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண் யாரையும் பார்க்காது. லண்டன் சம்பளமும் வடக்கே ஒரு சிறு நகரத்தின் சம்பளமும் ஒன்றில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பகுதிநேரமாக வேலைக்குத் திரும்பும் பெண்ணின் வருமானமும் ஆணின் வருமானமும் ஒன்றில்லை. 1985-இல் சட்டத்தின் எழுத்திலிருந்து நீங்கிய ஆண் பெண் வேறுபாடு, 2012-இல் சம்பளத்தின் வழியாகப் பின்கதவால் உள்ளே வந்தது என்றே நான் நினைக்கிறேன். ஊனமுற்றோர் உதவித்தொகையோ பராமரிப்பவர் உதவித்தொகையோ பெறுபவர்களுக்கு மட்டும் இந்த எண்ணிலிருந்து விலக்கு உண்டு.

குழந்தைகள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். தாயோ தகப்பனோ கடலுக்கு அப்பால் இருக்க, கணினித் திரையில் மட்டும் முகம் பார்த்து வளரும் இவர்களுக்கு ஸ்கைப் குடும்பங்கள் என்றே பெயர் விழுந்தது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையருக்காக 2015-இல் தயாரான ஓர் அறிக்கை, 15,000 குழந்தைகள் வரை இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கான தம்பதிகளுக்கு இந்த விதி கஷ்டத்தைத் தருகிறது என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இருந்தும் வருமான வரம்பு வைப்பது சட்டப்படி சரியே என்றார்கள். குழந்தையின் நலனைப் பார்க்கும் கடமையை விதி சரியாகச் சேர்க்கவில்லை, வேறு வழியில் வரும் பணத்தை முழுசாக ஒதுக்கியதும் தவறு என்று இரண்டு குறைகளை மட்டும் சொன்னார்கள். அதன் பிறகுதான், மறுத்தால் தாங்கமுடியாத பாதிப்பு வரும் என்று காட்டக்கூடிய விதிவிலக்கான நிலையில், உறவினர் தரும் உதவியையும் துணையின் வருங்கால வருமானத்தையும் பார்க்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. அந்தக் கதவு வழியாக வருபவர்கள் நிரந்தர வதிவிடத்துக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் ஒரு பக்கவாசலும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 1992-இல் சுரிந்தர் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு பிரிட்டன் திரும்பிய இந்தியக் கணவர் அவர். ஒன்றியத்தின் வேறொரு நாட்டில் போய் வேலை செய்து திரும்பும் குடிமகனின் குடும்பத்தை அவனுடைய சொந்த நாடு தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். 18,600 காட்ட முடியாத பல தம்பதிகள் அயர்லாந்திலோ வேறெங்கோ சில மாதம் குடியிருந்து, வேலை பார்த்து, அந்த வழியாக வந்தார்கள். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, 2022 மார்ச்சில் அந்த வாசல் அடைபட்டது.

பிறகு 2023 டிசம்பர். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கிளெவர்லி வரம்பை ஒரே தாண்டலில் 38,700 ஆக்கப்போவதாக அறிவித்தார். திறன் தொழிலாளர் விசாவுக்கு வைத்த அதே தொகை. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருந்தவர்களெல்லாம் பதறிப்போனார்கள். எதிர்ப்பு கிளம்பியதும், அதே மாதத்தில் படிப்படியாக உயர்த்துவோம் என்று பின்வாங்கினார்கள். முதல் படியாக 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆனது. குழந்தைகளுக்கான கூடுதல் தொகை எடுக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு முன்பே இந்த வழியில் வந்துவிட்டவர்களுக்கு விசா நீட்டிப்பின்போது பழைய 18,600 தான். அடுத்துவந்த தொழிற்கட்சி அரசு மேற்கொண்டு உயர்த்துவதை நிறுத்திவைத்து, ஆலோசனைக் குழுவைப் பார்க்கச் சொன்னது. 2025 ஜூனில் வந்த அந்த அறிக்கை, ஒரு குடும்பம் தன் காலில் நிற்க 23,000 முதல் 25,000 பவுண்ட் போதும் என்று ஒரு வழியைக் காட்டியது. 38,700 என்ற அளவு குடும்ப வாழ்க்கைக்கான சர்வதேசக் கடமைகளோடு மோத வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னது. நம் லெஸ்டர் பெண்ணின் 25,397-ஐ இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்களின் உலகம்

தகுதி இருப்பது வேறு, தகுதியைக் காகிதத்தில் காட்டுவது வேறு. ஒரே இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்பவர் ஆறு மாத பேஸ்லிப், அதே ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம் ஆகிய மூன்றையும் வைக்க வேண்டும். பேஸ்லிப்பில் கைக்கு வந்ததாக உள்ள தொகை, அதே தேதிவாக்கில் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வரவாக விழுந்திருக்க வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் ரொக்கமாக வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். வேலை மாறி ஆறு மாதம் ஆகவில்லை என்றால் கணக்கு முறையே வேறு. கடந்த 12 மாதத்தில் உண்மையில் சம்பாதித்த தொகையும் வரம்பைத் தொட வேண்டும். மணிக்கூலிக்காரருக்கு ஆறு மாதச் சராசரியைப் பார்ப்பார்கள், அதனால் ஒரு மாதம் ஷிஃப்ட் குறைந்தாலும் சராசரி வரம்புக்குக் கீழே போய்விடலாம். சொந்தத் தொழில் செய்பவர் முடிந்த முழு நிதியாண்டைக் காட்ட வேண்டும். சேமிப்பு பெற்றோர் கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் கடனாக இருக்கக்கூடாது, கணக்கில் போட்டு ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமான அன்றே அப்பா அம்மா அந்தப் பணத்தைப் போட்டுவைத்தால் நல்லது என்று சொல்வது இதற்காகத்தான்.

கல்யாணத்துக்கும் சான்று வேண்டும். கோயிலில் தாலி கட்டியதும் மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்டதும் அதிகாரிக்குப் போதாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பக்கம் ‘எழுத்து’ என்று சொல்லும் பதிவு அங்கே வேண்டும். அப்புறம் உறவு உண்மையானதுதான் என்று காட்டப் படங்கள், பயணச் சீட்டுகள், பேசிக்கொண்ட பதிவுகள். கணவரோ மனைவியோ ஊரில் காசநோய்ப் பரிசோதனை செய்து சான்றிதழ் வைக்க வேண்டும், ஏ1 என்ற தொடக்கநிலை அளவில் ஆங்கிலம் பேசிக் கேட்கத் தெரியும் என்று தேர்வெழுதிக் காட்ட வேண்டும். ஆங்கிலவழியில் படித்த பட்டம் இருந்தால் அதை முறைப்படி உறுதிசெய்து தேர்விலிருந்து தப்பலாம். இரண்டரை வருடம் கழித்து நீட்டிப்பின்போது அடுத்த படியான ஏ2, ஐந்தாம் வருடம் அதற்கும் மேலான பி1, அதோடு பிரிட்டன் வாழ்க்கை பற்றிய தேர்வு.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வருமான வரம்பைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2025 ஏப்ரல் நிலவரப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்ட். மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 என்று மூன்று வருடக் கணக்கில் 3,105. நீட்டிப்புக்கு 1,321, மறுபடி மருத்துவக் கட்டணம் 2,587.50. நிரந்தர வதிவிடத்துக்கு 3,029. எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 12,000 பவுண்ட். வழக்கறிஞர் கட்டணம், தேர்வு, பயணம் எதுவும் இதில் இல்லை. வரம்பைத் தொட முழி பிதுங்கும் குடும்பம்தான் இதையும் கட்ட வேண்டும்.

வந்த பிறகு

ஐந்து வருடம் முழுவதும் வந்தவரின் விசா அந்தக் கல்யாணத்தில் தொங்குகிறது. அரசு உதவித்தொகை கிடையாது. கல்யாணம் முறிந்தால் அங்கே இருக்கும் அடிப்படையே போய்விடும். நல்ல குடும்பத்தில் இது ஒரு காகித நிபந்தனை. கை நீட்டும் கணவனிடம் இது ஓர் ஆயுதம். ‘ஒரு வார்த்தை சொன்னால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற மிரட்டலைக் கேட்டுக்கொண்டே வாழ்ந்த பெண்களுக்காக, 2002 முதல் விதியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வீட்டு வன்முறையால் உறவு முறிந்தது என்று காட்டினால், துணையின் தயவில்லாமலே நிரந்தர வதிவிடம் கேட்கலாம். கையில் காசில்லாமல் வெளியேறுபவர்களுக்கு, அந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கும் மூன்று மாதத்துக்கு அரசு உதவி பெறும் வழி 2012-இல் சேர்ந்தது. இன்னொரு கொடுமை, சும்மா ஊருக்குப் போய்வரலாம் என்று அழைத்துப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வருவது. அப்படிக் கைவிடப்பட்டவர்கள் அங்கிருந்தே விண்ணப்பித்துத் திரும்பிவரும் வழி 2024 தொடக்கத்தில்தான் விதிகளில் ஏறியது. இந்த மூன்றும் இருப்பது தெரியாமலே அடங்கிப்போகிறவர்கள் உண்டு. வெளிநாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும், நகை வாங்குவதற்கு முன் இதை அந்தப் பெண்ணிடம் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

நீட்டிப்பு விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் உண்டு. வந்தவர் அனுமதியோடு பிரிட்டனில் சம்பாதித்தது அப்போது கணக்கில் சேரும். லெஸ்டர் பெண் எப்படியோ கூடுதல் ஷிஃப்ட் பார்த்து 29,000-ஐத் தொட்டு, கணவரை அழைத்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மதுரைக்காரரும் அதே பராமரிப்பு இல்லத்தில், அதே 12.21 பவுண்டுக்கு, வாரம் 40 மணி நேரம் வேலைக்குச் சேர்கிறார். மனைவி தன் பழைய 40 மணி நேரத்துக்குத் திரும்புகிறார். இரண்டு பேரின் சம்பளமும் சேர்த்து 50,794 பவுண்ட்.